பெங்களூரில் 21 வயதுக்குக் கீழ் சிகரெட் விற்பனை: சட்டம் சொல்வதும் மாநகராட்சி செய்யக்கூடியதும்

கர்நாடகத்தில் 21 வயது நிறையாத எவருக்கும் சிகரெட், பீடி, மெல்லும் புகையிலை எதையும் விற்கக் கூடாது. 2003ஆம் ஆண்டு மத்திய அரசு இயற்றிய புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்த வயதை 18 என்று வைத்திருந்தது. கர்நாடகச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று 2025 மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட பின், மாநிலம் முழுவதும் அது 21 ஆயிற்று.

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பெட்டிக்கடை நடத்தும் தமிழர்கள் பலர் கேட்கும் கேள்வி, “அப்பாவுக்காக வாங்குகிறேன்” என்று பையன் சொன்னால் கொடுக்கலாமா என்பது. கொடுக்கக் கூடாது. யாருக்காக வாங்கப்படுகிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. வாங்க வந்து நிற்பவரின் வயதைத்தான் பார்க்கிறது. அந்தப் பையன் 18 வயதுக்கு உட்பட்டவனாக இருந்தால், 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும். அதில் ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆகவே மகனைக் கடைக்கு அனுப்பும் தகப்பனார், கடைக்காரரைத்தான் சிக்கலில் மாட்டிவிடுகிறார்.

கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் விற்பனைக்குத் தடை உண்டு. முன்பு இது 100 கெஜமாக, அதாவது ஏறத்தாழ 91 மீட்டராக இருந்தது. தூரத்தைப் பள்ளியின் வாசலிலிருந்து அளப்பதில்லை. சுற்றுச்சுவரின் எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் அளக்க வேண்டும் என்பது மத்திய விதி. பின்பக்கச் சந்தில் இருக்கும் கடையும் இதனால் வட்டத்துக்குள் வந்துவிடும்.

திருத்தத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, பாக்கெட்டைப் பிரித்து ஒற்றைச் சிகரெட்டாக விற்பதற்கான தடை. பாக்கெட் வாங்கப் பணமில்லாத கல்லூரி மாணவன் தேநீரோடு ஒற்றைச் சிகரெட் வாங்கித்தான் பழகுகிறான். அந்த ஒற்றை விற்பனையே இப்போது குற்றம். ஆனால் இந்த விதிகளை மீறிய கடைக்காரருக்கான அபராதம் 1,000 ரூபாய்க்குள்தான். நீர்க்குழாய் வழியே புகையிலை புகைக்க இடம் தரும் ஹுக்கா கூடத்தை நடத்துபவருக்கோ ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

சட்டம் மாநிலத்தினுடையது என்றாலும், தெருவில் இறங்கிப் பார்க்கும் வேலையில் பெரும்பங்கு மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவின் மீது விழுகிறது. 2025 செப்டம்பரில் பழைய பெருமாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுக்கு மேல் பெரு பெங்களூரு ஆணையம் அமைந்தது. கடைகளுக்கு வணிக உரிமம் வழங்குவதும் ரத்து செய்வதும் மாநகராட்சியின் கையில் இருப்பதால், 1,000 ரூபாய் அபராதத்தைவிட அந்த உரிமமே வலுவான பிடி.

ஆள் போட்டுச் சோதிக்கப் பணம் வேண்டுமே? சிகரெட்டின் மீதான வரி மத்திய, மாநில அரசுகளுக்குப் போகிறது. மாநகராட்சி அதை வசூலிப்பதில்லை. அதன் சொந்த வருவாயில் பெரியது சொத்து வரி. சாலை, வடிகால், தெருவிளக்கு எல்லாம் அதையும் அரசு மானியத்தையும் நம்பியிருக்கின்றன. பதினைந்தாம் நிதிக்குழு 2021-26 காலத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு ஒதுக்கிய மானியமும் காற்றின் தரம், குடிநீர், துப்புரவு ஆகியவற்றோடு கட்டப்பட்டிருந்தது; அதைப் புகையிலைச் சோதனைக்குத் திருப்ப வழியில்லை. எனவே மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் சுகாதாரப் பிரிவுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கினால்தான் சோதனை நடக்கும். வார்டு கமிட்டிக் கூட்டத்தில் நடைபாதையையும் சாக்கடையையும் கேட்பவர்கள் இதையும் கேட்கலாம்.

புகார் கொடுப்பவர் கடையின் இடம், பள்ளியின் பெயர், விற்பனை நடந்த நாள், நேரம் ஆகியவற்றை எழுதி மாநகராட்சிச் சுகாதார அலுவலரிடமோ காவல் நிலையத்திலோ தர வேண்டும். கடைக்குள் நுழைந்து சோதிக்கும் அதிகாரம், காவல் துறையில் உதவி ஆய்வாளருக்கும் அவருக்கு மேற்பட்டவர்களுக்கும், மாநில உணவு, மருந்து நிர்வாகத்தின் அதிகாரிகளுக்கும், அதற்கு இணையான தரத்தில் அரசு அதிகாரம் அளித்த பிற அதிகாரிகளுக்கும் உண்டு. பள்ளி வளாகத்துக்குள் புகைப்பவருக்கு அபராதம் விதிக்கத் தலைமையாசிரியருக்கே அதிகாரம் இருக்கிறது. ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளைகளுக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத தேசிய எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.