கட்டாரி: குத்துவாளும் அன்று, கட்டாரும் அன்று

அண்மையில் ஓர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் கண்ணாடிப் பேழை ஒன்றின் முன் நின்று பெயர்ப்பலகையைப் படித்தேன். பேழைக்குள் இருந்தது ஏணியின் ஒரு துண்டைப் போன்ற இரும்புப் பிடியும் முக்கோண அலகும் கொண்ட ஆயுதம். பலகையில் 'கட்டார், ஒரு வகைத் தள்ளும் குத்துவாள்' என்று எழுதியிருந்தது. அதற்கு முந்தைய மாதம், தமிழில் குரல் சேர்க்கப்பட்ட ஓர் ஆவணப்படத்திலும் இதே ஆயுதம் 'கட்டார்' என்றே ஒலித்தது. பழைய ஆயுதங்களைச் சேகரிக்கும் நண்பர் ஒருவர் காட்டிய கையெழுத்துப் பட்டியலிலோ அது வெறும் 'குத்துவாள்'. தமிழில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் 'கட்டாரி' என்னும் சொல் மூன்று இடங்களிலும் இல்லை. ஒருமுறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவது முறையும் கண்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பொருளைப் பார்ப்போம். சாதாரணக் குத்துவாளில் பிடியும் அலகும் ஒரே நேர்கோட்டில் அமையும். அதைப் பற்றும் கை அந்தக் கோட்டுக்குக் குறுக்காக இருக்கும். கட்டாரியில் இந்த அமைப்பு முற்றிலும் மாறுகிறது. அலகின் அடியிலிருந்து இரண்டு பக்கச் சட்டங்கள் இணையாகப் பின்னோக்கி நீள, அவற்றுக்கிடையே பெரும்பாலும் இரண்டு குறுக்குக் கம்பிகள் ஏணிப்படிகளைப் போலப் பொருத்தப்பட்டிருக்கும். அக்கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து முட்டியை மடக்கினால், பக்கச் சட்டங்கள் மணிக்கட்டின் இருபுறமும் அணைந்து நிற்க, அலகு முன்கையின் நீட்சியாக நேரே முன்னோக்கும். கையை ஓங்கி இறக்க வேண்டியதில்லை. முட்டியால் குத்துவதைப் போல உடலின் முழு எடையையும் அலகின் முனைக்குக் கொண்டுவரலாம். கவசத்தைத் துளைப்பதற்கென்றே பல கட்டாரிகளின் முனை தடிப்பாக அடிக்கப்பட்டதும் இந்த அமைப்பை நம்பித்தான்.

சொல்லின் பிறப்பைப் பற்றி நெடிது பேச வேண்டியதில்லை. வடமொழியில் 'கட்டார', பிராகிருதத்தில் 'கட்டாரி', கன்னடத்தில் 'கடாரி', தெலுங்கிலும் 'கடாரி', மலையாளத்தில் 'கடார', இந்தியில் 'கடார்', 'கடாரி' என ஒரே சொல் நாடு முழுவதும் பரவியிருக்கிறது. வடமொழியில் இது பிற்காலச் சொல்லாகவே காணப்படுகிறது. இடுப்பில் கட்டுவதால் கட்டாரி என்று சிலர் கூறும் விளக்கம் கேட்க இனிமையாக இருக்கலாம். ஆனால் அதற்குச் சான்றில்லை. சான்றில்லாத வேரைத் தமிழுக்குத் தேடித் தருவது தமிழுக்குச் செய்யும் நன்மை ஆகாது.

சொல்லின் வாழ்வுக்கோ உறுதியான சான்று உண்டு. 1485ஆம் ஆண்டளவில் விசயநகர அரியணையைக் கைப்பற்றிய சாளுவ நரசிம்மனின் குடியினர் 'கட்டாரி சாளுவ' என்ற விருதுப் பெயரைத் தாங்கியவர்கள். சாளுவம் என்பது வேட்டைக்குப் பழக்கும் பருந்தினப் பறவை. கட்டாரியையும் சாளுவத்தையும் இணைத்த அவ்விருதுப் பெயர் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் பொறிக்கப்பட்டுக் கோயில் சுவர்களில் இன்றும் நிற்கிறது. அரசர்கள் தம் பெயருக்கு முன்னால் விரும்பிச் சூடிய ஆயுதப் பெயரைத்தான் நாம் இன்று ஒரு பெயர்ப்பலகையில் எழுதத் தயங்குகிறோம்.

இனி 'குத்துவாள்' என்னும் போட்டிச் சொல். இதன் பக்கம் இருக்கும் நியாயத்தை நான் மறைக்க விரும்பவில்லை. தமிழில் கத்தியால் செருகுவதும் குத்துதான், முட்டியால் தாக்குவதும் குத்துதான். முட்டியின் இயக்கத்தாலேயே செருகப்படும் ஓர் ஆயுதத்துக்குக் குத்துவாளைவிடப் பொருத்தமான பெயர் ஏது என்று நண்பர் கேட்டபோது, ஒரு கணம் எனக்கும் விடை தோன்றவில்லை. இச்சொல் இன்றுதான் உருவாகிறது என்றால் நானே அதை ஆதரித்திருப்பேன். ஆனால் குத்துவாள் என்பது ஏற்கெனவே குத்துவதற்கான எல்லாக் குறுகிய ஆயுதங்களுக்கும் பொதுப் பெயராகிவிட்டது. அரபு நாட்டு ஜம்பியாவையும் அப்படித்தான் எழுதுகிறோம். ஐரோப்பிய வீரன் இடைக்கச்சையில் செருகியதையும் அப்படித்தான் எழுதுகிறோம். இனப்பெயராக ஆகிவிட்ட சொல்லை மீண்டும் ஒரு வகையின் பெயராகச் சுருக்க முயன்றால் இரண்டு பொருளும் கெடும்.

அகராதிகளே கட்டாரிக்குக் குத்துவாள் என்று பொருள் தருகின்றனவே என்பது அடுத்த வாதம். தருகின்றன, உண்மை. ஆனால் அகராதி ஒரு சொல்லை விளக்கும்போது அதன் இனத்தைச் சொல்லிப் புரியவைப்பது வழக்கம். கௌதாரிக்கு 'ஒரு பறவை' என்று அகராதி பொருள் தந்தால், கௌதாரியைக் கண்ட இடத்திலெல்லாம் பறவை என்றே எழுதிவிட்டுப் போகலாம் என்று எவரும் கொள்வதில்லை. அகராதியின் விளக்கத்தையே சொல்லுக்கு மாற்றாக எடுத்து வைப்பது மொழிபெயர்ப்பாளர்களிடம் பெருகிவரும் பழக்கம். அவர்கள் அகராதியின் இடப்பக்கத்தை விட்டுவிட்டு வலப்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு தனிச்சொல் மறைந்து ஒரு பொதுச்சொல் இன்னும் தடிக்கிறது.

இதனால் விளையும் கேட்டை நண்பரின் பட்டியலே காட்டியது. 'குத்துவாள்' என்ற தலைப்பில் நான்கு உருப்படிகள் எழுதியிருந்தார். அவற்றைக் கேட்டு வாங்கி மேசையின்மீது வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்று மட்டுமே கட்டாரி. இரண்டாவது பிச்சுவா: எருமைக் கொம்பைப் போல இருமுறை வளைந்த அலகும், கைவிரல்களை உள்ளே விட்டுப் பிடிக்கும் வளையப் பிடியும் உடையது; தேளைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து வந்த பெயர். மூன்றாவது கஞ்சர், இருபுறமும் கூருடைய வளைந்த அலகு. நான்காவது பேஷ்கப்ஸ், முதுகுப்புறம் அகன்று தடித்து, குறுக்கே வெட்டிப் பார்த்தால் 'டி' எழுத்தைப் போலத் தெரியும் அலகு. வளையக் கவசத்தின் கண்ணிகளைப் பிரிப்பதற்கென்றே அமைந்தது. நான்கு வெவ்வேறு பிடிகள், நான்கு வெவ்வேறு போர்முறைகள், நான்கு வெவ்வேறு வரலாறுகள். பட்டியலில் ஒரே பெயர். பழைய ஆயுதத்தை அடையாளம் காண்பதில் முதற்படி பிடியைப் பார்ப்பதுதான். அந்த முதற்படியிலேயே கண்ணைக் கட்டிவிடும் சொல்லை எப்படி ஏற்பது?

தூய தமிழ்ப் பெயர் வேண்டும் என்போர் சிலர் 'முட்டிவாள்' என்று என்னிடம் முன்மொழிந்தார்கள். அவர்களுடைய ஆர்வத்தை மதிக்கிறேன். ஆயினும் 'முட்டி' என்பதை வடமொழி 'முஷ்டி'யிலிருந்து வந்ததாகவே அகராதிகள் காட்டுகின்றன. ஒரு கடன்சொல்லை விலக்குவதற்காக இன்னொரு கடன்சொல்லைக் கொண்டு புதுச்சொல் கட்டுவதில் தூய்மைக்கு என்ன ஆதாயம்? நானும் இயன்றவரை தனித்தமிழ் எழுத விரும்புபவன்தான். ஆனால் தனித்தமிழ் என்பது பெயர் இல்லாத பொருளுக்குப் பெயர் தருவதில் தன் ஆற்றலைக் காட்ட வேண்டும். பெயரோடு வாழும் பொருளின் பெயரைப் பறிப்பதில் அன்று. தவிரவும், இந்த ஆயுதம் நீண்ட அலகுடைய வாளும் இல்லை. 'வாள்' என்ற பின்னொட்டைக் கேட்டவுடன் படிப்பவர் மனத்தில் எழும் வடிவம் வேறு.

'கட்டார்' என்பது இவை எல்லாவற்றையும்விட வருத்தத்துக்குரியது. இந்திச் சொல்லை ஆங்கிலேயர் தம் எழுத்தில் குறித்துக்கொண்டார்கள். அந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்துத் தமிழில் 'கட்டார்' என்று எழுதுகிறோம். வீட்டில் இருக்கும் பொருளை அயலாரிடம் விலை கொடுத்து வாங்கி வருவதைப் போன்றது இது. ஈழத்துத் தமிழர்களுக்கு இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. வளைகுடா நாடான கத்தாரை அவர்கள் 'கட்டார்' என்றே எழுதுகிறார்கள். 'தென்னிந்தியக் கட்டார்' என்ற தலைப்பை யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் எப்படிப் புரிந்துகொள்வார்? சிலர் இன்னும் திருத்தமாக எழுதுவதாக எண்ணிக் 'கடார்' என்கிறார்கள். அது இராசேந்திர சோழன் வென்ற கடாரத்தை நினைவூட்டுகிறதே தவிர, கையில் பிடிக்கும் ஆயுதத்தை அன்று.

அறிஞர்களிடையே உள்ள ஒரு பழைய கருத்து வேறுபாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். 1880இல் இந்திய ஆயுதங்களுக்கு விளக்கப்பட்டியல் வெளியிட்ட எகர்ட்டன், படங்களுக்குப் பெயரிடும்போது மாறாட்டம் செய்துவிட்டார் என்றும், ஏணிப்பிடி ஆயுதத்தின் உண்மைப் பெயர் 'ஜம்தர்' என்றும், தில்லி தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆயுத ஆய்வாளர் பந்த் வாதிட்டார். அக்பர் காலத்து அபுல் ஃபசலின் நூலில் வரும் படங்களே அவருடைய சான்று. முகலாய அரண்மனை வழக்குக்கு அது பொருந்தலாம். ஆனால் அக்பருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் பயணம் செய்த இப்னு பதூதா, 'கத்தாரா' என்னும் ஆயுதத்தைக் கலப்பையின் கொழுவைப் போன்றது, கையை அதற்குள் செலுத்துவார்கள், முன்கை மறையும், அலகு அதற்கப்பால் இரண்டு முழம் நீளும் என்று எழுதியிருக்கிறார். கொழுவைப் போன்ற அலகும் கையை உள்ளே செலுத்தும் பிடியும் சேர்ந்த ஆயுதம் 14ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பெயரோடு இருந்திருக்கிறது. ஓர் அரண்மனையின் வழக்கை வைத்து நாடு முழுவதும் வழங்கிய பெயரைத் தள்ளிவிட முடியாது என்பதே என் கருத்து.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், இந்த ஆயுதம் தெற்கே அடைந்த வளர்ச்சி. தஞ்சை ஆயுதச் சாலையிலிருந்து வந்த கட்டாரிகளைப் பார்த்தவர்கள் அவற்றை மறக்க மாட்டார்கள். புறங்கையை மறைத்துக் கப்பற்பாய்போல வளைந்து எழும் தகடு, அதன் நுனியில் அடங்கிய யாளி முகம், செதுக்கு வேலைப்பாட்டுடன் கூடிய பக்கச் சட்டங்கள், இலைபோல விளிம்பு வளைந்த அலகு என அவற்றின் இலக்கணமே தனி. ஐரோப்பாவிலிருந்து வந்த வாள்களின் அலகை வெட்டி எடுத்து, பிடியிலிருந்து நீளும் தகடுகளுக்கிடையே வைத்துத் தறைந்தவையும் அவற்றுள் பல உண்டு. வடக்கே பிற்காலத்துக் கட்டாரிகளில் புறங்கைத் தகடு இல்லை. பக்கச் சட்டங்கள் நீண்டு, அலகு நேர்விளிம்பு முக்கோணமாகி, பிடியில் பொன்கம்பி வேலைப்பாடு மிகும். பிடியை அழுத்தினால் கத்தரிக்கோலைப் போல விரியும் அலகுகளைக் கொண்ட 19ஆம் நூற்றாண்டுக் கட்டாரிகள் போரைவிடக் காட்சிக்கே ஏற்றவை. 1855இல் தஞ்சை மராட்டிய அரசு ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு அந்த ஆயுதச் சாலை கலைக்கப்பட்டது. எஞ்சியவற்றில் சில சென்னை அருங்காட்சியகத்திலும், சில நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. பொருள் கடல் கடந்துவிட்டது; பெயரையாவது நாம் வைத்துக்கொள்ள வேண்டாமா?

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள குறை இந்த ஒரு சொல்லோடு முடியவில்லை. கத்தியின் வெட்டும் பகுதிக்கு 'அலகு' என்ற நல்ல சொல் இருக்க, முழு ஆயுதத்தையும் அதன் அலகையும் ஒரே பத்தியில் 'கத்தி' என்றே எழுதி, 'கத்தியின் கத்தி வளைந்திருக்கிறது' என்னும் நிலைக்கு வந்திருக்கிறோம். மராட்டிய வீரர் முழங்கைவரை உறைபோல அணிந்து சுழற்றிய நீண்ட ஆயுதமான பட்டாவின் பெயர் 'பட்டாக்கத்தி'யில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைய செய்தித்தாள்களோ தெருச் சண்டையில் பிடிபடும் எந்த நீளக் கத்தியையும் அப்பெயரால் குறிக்கின்றன. சுரிகை, உடைவாள், குறுவாள் ஆகிய மூன்றும் இன்று ஒன்றுக்கொன்று மாற்றாக எழுதப்படுகின்றன. இடையில் உடையோடு அணிவது உடைவாள் என்பதைச் சொல்லே கூறுகிறது. அதைக் கேட்கும் பொறுமைகூட நம்மிடம் இல்லை.

நண்பரிடம் இவற்றையெல்லாம் ஒரு மாலை முழுவதும் சொன்னேன். குத்துவாளை விட்டுவிடச் சொல்லவில்லை. அதைத் தலைப்பாக வைத்து, அதன்கீழ் ஒவ்வொன்றையும் அதன் பெயரால் எழுதுங்கள் என்றேன். அவர் பேனாவை எடுத்து முதல் உருப்படியை அடித்துவிட்டு இப்படி எழுதினார்: 'கட்டாரி. தென்னிந்தியப் பாணி. புறங்கைத் தகடு உண்டு, நுனியில் யாளி. குறுக்குக் கம்பி இரண்டு. அலகு ஐரோப்பிய வாளிலிருந்து வெட்டியது, தறையாணி மூன்று. உறை இல்லை.'