ஆச்சியின் மருந்துச் சீட்டும் லத்தீனும்

முக்கூடலில் பீடி சுற்றும் ஆச்சி ஒருவர் மூட்டுவலிக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வந்து, மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டினார். பாராசிட்டமால் 650 என்று எழுதி, எதிரே எஸ்.ஓ.எஸ். என்று போட்டிருந்தது. மருந்துக் கடைக்காரர் மற்ற மாத்திரைகளின் உறைகளில் காலை, இரவு என்று குறித்திருந்தார். இந்த உறை மட்டும் வெறுமையாக இருந்தது. “வலிக்கிறபோது போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்” என்றார் ஆச்சி. நாள் முழுக்கச் சுளகை மடியில் வைத்துக் குனிந்திருப்பவருக்கு எப்போதுதான் வலிக்காது?

எஸ்.ஓ.எஸ். என்பது ‘சி ஓபுஸ் சிட்’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். ‘தேவைப்பட்டால்’ என்று பொருள். எத்தனை மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை என்பதை அது சொல்வதில்லை. பாராசிட்டமாலில் ஒரு சிறு பங்கு கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறுகிறது. அங்குள்ள குளுட்டாதயோன் என்ற பொருள் அதை உடனுக்குடன் முறித்துவிடும். அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்து, கல்லீரல் செல்கள் சாகத் தொடங்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு உச்ச வரம்பு 4 கிராம். 650 மில்லிகிராம் மாத்திரை ஏழு போட்டாலே அதைத் தாண்டிவிடும். சளிக்கு வாங்கும் பல மாத்திரைகளிலும் இதே மருந்து கலந்திருக்கிறது.

மருந்துச் சீட்டில் லத்தீன் எழுதுவது, ஐரோப்பிய மருத்துவர்களின் பொதுமொழியாக அது இருந்த காலத்து வழக்கம். சீட்டின் தலைப்பில் ‘ஆர்எக்ஸ்’ (Rx) என்று போடும் குறி ‘ரெசிபே’, அதாவது ‘எடுத்துக்கொள்’. அந்தக் கட்டளை நோயாளிக்கானது அல்ல. சரக்குகளை எடுத்துக் கலந்து கொடு என்று மருந்து தயாரிப்பவருக்கு இட்டது. இன்றும் நம் மருந்துச் சீட்டு கடைக்காரரைப் பார்த்துத்தான் பேசுகிறது. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

சுருக்கெழுத்தின் இன்னொரு ஆபத்து, அதை வேறொன்றாகப் படித்துவிடுவது. ஓ.டி. என்றால் நம் ஊரில் தினம் ஒருமுறை. கண் மருத்துவத்தில் அதுவே வலது கண். இன்சுலின் 4 யூனிட் என்பதை எண்ணுக்குப் பின் ‘யூ’ மட்டும் போட்டுக் கிறுக்கினால், அந்த எழுத்து பூஜ்யமாகத் தெரிந்து 40 ஆகிவிடும். ரத்தச் சர்க்கரை அதல பாதாளத்துக்குப் போக இது போதும். நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்ட இன்சுலினும் 100 யூனிட் கொண்டதும் இரண்டுமே விற்பனையில் இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயிண்ட் கமிஷன், 2004-இல் வெளியிட்ட தடைப் பட்டியலில் இந்த ‘யூ’வையும் சேர்த்தது. இந்தியாவில் 2016-இல் வந்த விதித் திருத்தம், மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய (கேப்பிடல்) எழுத்தில் எழுதச் சொல்கிறது. வேளையையும் அப்படி எழுதச் சொல்லியிருக்கலாம்.

வெறுமனே மொழிபெயர்த்தாலும் போதாது. டி.டி.எஸ். என்றால் நாளுக்கு மூன்று முறை. அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தில் பாதி ஒரு மணி நேரம் போல ஆனதுமே ரத்தத்தைவிட்டுப் போய்விடும். அதனால்தான் அதை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் பாதியாகக் குறைய 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். அதற்கு ஒருவேளை போதும். ‘மூன்று வேளை’ என்றால் நம் வீடுகளில் காலை எட்டு, மதியம் ஒன்று, இரவு எட்டு என்று சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்கிறோம். இரவு முழுக்கப் பன்னிரண்டு மணி நேரம் மருந்து இல்லாமல் போகிறது. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று மணியைக் குறித்துவிட்டால் இந்த இடைவெளி விழாது.

இதையெல்லாம் எழுதத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் படிக்கும் பழம்பாடல்களில் ‘அந்தி சந்தி’ (மாலையும் காலையும்) என்று வேளையும், தேனா வெந்நீரா என்று அனுபானமும் (மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது), மண்டலக் கணக்கில் நாளும் வரும்.

ஆச்சியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு, வெறுமையாக இருந்த உறையில் எழுதிக் கொடுத்தார்: “வலி தாங்க முடியாவிட்டால் மட்டும் ஒன்று. அடுத்தது ஆறு மணி நேரம் கழித்து. ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். சளி மாத்திரையோடு சேர்க்கக் கூடாது.” ஆச்சி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே” என்றார்.