வாஷிங் மெஷினைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா? பொருத்தும்போதே கவனிக்க வேண்டியவை

வாஷிங் மெஷின் பழுதுபார்க்க எனக்கு வரும் அழைப்புகளில் கணிசமானவற்றில், இயந்திரத்தின் எந்தப் பாகமும் கெட்டிருக்காது. மெஷினை வைத்த இடம், தண்ணீர் வரும் வழி, கழிவுநீர் போகும் வழி, மின் இணைப்பு ஆகியவற்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். இவற்றுள் மிக ஆபத்தான குறையைத்தான் பலரும் பேச்சோடு பேச்சாகச் சொல்கிறார்கள்: "தொட்டால் லேசாக ஷாக் அடிக்கும், மற்றபடி நன்றாகத்தான் துவைக்கிறது."

மின்னணுப் பலகையுள்ள மெஷின்களில் மின் இரைச்சலைத் தடுக்க ஒரு வடிகட்டி இருக்கும். அதன் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் உலோக உடலுக்கு வருவது இயல்பே. எர்த் கம்பி சரியாக இருந்தால் அது யாருக்கும் தெரியாமல் தரைக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தொடுபவரின் உடல் வழியே போகும். ஆகவே புத்தம் புதிய மெஷினும் சுருக்கென்று அடிக்கலாம். ஆனால் அது வெறும் வடிகட்டிக் கசிவா, ஹீட்டரோ ஒயரோ பழுதாகி வரும் மின்சாரமா என்பதைத் தொட்டுப் பார்த்துப் பிரித்தறிய முடியாது. எர்த் இல்லாத வீட்டில் ஹீட்டரின் உறை விரிசல் விட்டால், ஈரத் தரையில் ஈரக் கையோடு நிற்பவரின் உயிரே போகக்கூடும். செருப்புப் போட்டுக்கொண்டு தொடுவதும், எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிடுவதும் தீர்வாகாது. அந்தக் குழாய் பிளாஸ்டிக் என்றால் கம்பியைக் கட்டியும் பயனில்லை. உடனே பிளக்கைக் கழற்றிவிட்டு, எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எம்சிபி (மின்பெட்டியில் தானாக விழும் ஸ்விட்ச்) மட்டும் இருந்தால் போதாது, ஏனெனில் அது அதிகச் சுமைக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்குமே விழும். உடல் வழியே கசியும் சிறு மின்னோட்டத்தை உணர்ந்து துண்டிப்பதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் வேண்டும். மேலும், 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும் என்பதால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தவிர்த்து, அந்தச் சுமையைத் தாங்கும் தனி சாக்கெட்டில் மெஷினை இணைக்க வேண்டும்.

"புது மெஷின், ஆனால் ஸ்பின் ஆகும்போது அறையே அதிர்கிறது" என்றால், முதலில் மெஷினின் பின்புறத்தைப் பாருங்கள். ஃப்ரன்ட் லோடு மெஷின்களில் டிரம் ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. வண்டியில் வரும்போது அது ஆடாமலிருக்கப் பின்னால் டிரான்சிட் போல்ட்டுகளை முடுக்கி அனுப்புவார்கள். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் நகர்ந்து குதிப்பதோடு உள்பாகங்களும் சேதமடையும். கழற்றிய போல்ட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். வீடு மாறும்போது மீண்டும் தேவைப்படும். போல்ட் கழற்றியும் ஆட்டம் நிற்காவிட்டால், எதிரெதிர் மூலைகளை மாறி மாறி அழுத்திப் பார்த்து, தரையில் படாத காலைத் திருகிச் சரிசெய்து, லாக் நட்டை இறுக்குங்கள்.

தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தும் துவைக்கத் தொடங்கவில்லை என்ற புகாருக்குக் கழிவுநீர்க் குழாய் காரணமாக இருக்கலாம். பம்ப் வைத்துத் தண்ணீரை வெளியேற்றும் மெஷின்களில், குழாய் பொதுவாகத் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரம் வரை ஏறிப் பிறகு இறங்க வேண்டும். அதைத் தரையில் போட்டுவிட்டால் உள்ளே வரும் தண்ணீர் அப்படியே வழிந்து ஓடிவிடும். சரியான உயரம் உங்கள் மெஷினின் கையேட்டில் இருக்கும். தண்ணீர் மெதுவாக ஏறினால், இணைப்புக் குழாயின் நுனியிலுள்ள சல்லடையைக் கழுவுங்கள். பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 பார் அழுத்தம் தேவை. அதாவது, தொட்டியின் நீர்மட்டம் மெஷினுக்குத் தண்ணீர் தரும் குழாயைவிட ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்.

சோப்புத்தூளைப் பொறுத்தவரை, அதிகம் போட்டால் அதிகம் வெளுக்கும் என்பது தவறான நம்பிக்கை. ஃப்ரன்ட் லோடு மெஷின் துணியைத் தூக்கிப் போட்டுத் துவைக்கிறது. நுரை நிறைந்தால் துணி விழும் வேகம் குறைந்து, அழுக்கும் சோப்பும் துணியிலேயே தங்கிவிடும். மெஷினில் குறிப்பிட்டிருக்கும் கிலோ அளவு உலர்ந்த துணியின் எடையாகும். கனமான மிதியடி ஒன்றை மட்டும் தனியாகப் போட்டாலும் எடை ஒரு பக்கம் சாய்ந்து, ஸ்பின் தடைபடும். டிரம்மைச் சுத்தம் செய்யும்போது குளோரின் பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு உண்டாகும்.

துவைத்து முடித்தவுடன் கதவு திறக்கவில்லை என்று கைப்பிடியை உடைத்தவர்கள் உண்டு. பூட்டு விடுபடச் சில மெஷின்களில் ஓரிரு நிமிடங்கள் ஆகும், அதுவரை பொறுத்திருங்கள்.

கதவைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா என்றும் கேட்கிறார்கள். கதவு வாயைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட்டின் மடிப்பைத் துடைத்துவிட்டுச் சற்றே திறந்து வைத்தால்தான் பூஞ்சையும் வாடையும் வராது. ஆனால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், மெஷின் இருக்கும் அறையைப் பூட்டி வைக்க முடிந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள். குழந்தை உள்ளே ஏறிக் கதவு மூடிக்கொண்டால் மூச்சடைக்கும். அறையைப் பூட்ட வழியில்லையென்றால், பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போதே உலரவிட்டுப் பிறகு கதவை மூடிவிடுங்கள்.