பத்து நாள் பூட்டிய வீடும் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டும்

காலை நடைக்கு வருகிறவர்கள் நான்கு பேர் நின்று பேசினால் பேச்சு மூன்று இடங்களைச் சுற்றி வரும். மாடியில் கத்திரி பூத்தது, லீவுக்குக் குற்றாலம் போய் வந்தது, வந்த கையோடு வீட்டில் யாருக்கோ காய்ச்சல் அடித்தது. "பத்து நாள் பூட்டிட்டுப் போனோம், ஒரு செடிகூட வாடலைங்க. எல்லாத் தொட்டிக்கும் அடியில தட்டு வச்சு நெறைய தண்ணி ஊத்திட்டுப் போயிட்டேன்" என்று ஒருவர் சொல்வார். நல்ல யோசனையாக இருக்கிறதே என்று மற்றவர்கள் மனத்தில் குறித்துக்கொள்வார்கள். அந்தத் தட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தெளிந்த, அசையாத, நிழலில் நிற்கிற தண்ணீர்தான் அதற்கு வேண்டும். தொட்டியின் அடித்தட்டு அதற்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். முட்டையைத் தண்ணீரிலேயே இட்டுவிடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் கசியும் உட்சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கும். ஒரு முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கரித்தூள் தெறித்த மாதிரி கறுப்பாகத் தெரியும், அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுவோம். ஒரு தடவைக்கு நூறு முட்டை வரை இட்டாலும் அத்தனையையும் ஒரே இடத்தில் வைக்காது. இந்தத் தட்டில் கொஞ்சம், பக்கத்துப் பெயின்ட் டப்பாவில் கொஞ்சம், ஆட்டுரல் குழியில் கொஞ்சம் என்று பிரித்துப் போடும்.

பலருக்குத் தெரியாத விஷயம், தண்ணீர் வற்றினாலும் இந்த முட்டை சாவதில்லை என்பது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். கோடையில் கழுவாமல் அடுக்கிவைத்த தட்டை ஐப்பசி மழைக்கு எடுத்து வைத்தால், போன பருவத்து முட்டைக்கு நாமே தண்ணீர் ஊற்றுகிறோம். ஆகவே கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது. தேங்காய் நாரோ பிரஷ்ஷோ போட்டு உட்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும்.

நம்மூர் வெப்பத்தில் முட்டை பொரிந்து, புழுவாக நான்கு பருவம் கடந்து, கூட்டுப்புழுவாக இரண்டு நாள் இருந்து, கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தண்ணீர்ப் பாத்திரங்களைக் காயப்போடச் சொல்வதன் கணக்கு இதுதான். ஏழாம் நாளுக்குள் சுற்றை அறுத்துவிட்டால் ஒரு கொசுகூட வெளியே வராது. பத்து நாள் விடுமுறையில் அந்தச் சுற்று யாரும் தொடாமல் முழுசாக முடிந்துவிடுகிறது.

அதற்காக, ஊரிலிருந்து வந்த மறுநாளே காய்ச்சல் என்றால் பழியை மாடித்தட்டின் மேல் போட முடியாது. கொசு கடித்ததற்கும் காய்ச்சல் வருவதற்கும் நடுவில் 4 முதல் 10 நாள் இருக்கிறது. அப்படியானால் கடி விழுந்தது போன இடத்தில்தான். தட்டின் வேலை அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. புதிதாகப் பிறந்த கொசுவிடம் பெரும்பாலும் வைரஸ் இருக்காது. காய்ச்சல்காரரைக் கடித்துத்தான் அது வாங்க வேண்டும். வாங்கிய பிறகு வைரஸ் அதன் உடலில் முற்ற 8 முதல் 12 நாள் ஆகும். ஊரிலிருந்து காய்ச்சலோடு வருகிற ஒருவர், பூட்டிய வீட்டில் பிறந்து காத்திருக்கும் ஐம்பது கொசு, இரண்டும் ஒரே கூரைக்குள் சேர்ந்தால் இரண்டு, மூன்று வாரம் கழித்து அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வரும். ஏடிஸ் பொதுவாக நூறு, இருநூறு மீட்டருக்கு மேல் பறந்து போவதில்லை. தெருக்கோடிச் சாக்கடையைக் காட்டுவதில் பயனில்லை. நம் மாடியும் அண்டை வீட்டு மாடியும்தான் அதன் எல்லை.

சரி, செடிக்கு என்ன செய்வது?

முதலில் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று பார்ப்போம். 12 அங்குல குரோ பேக்கில் (செடி வளர்க்கும் பை) காய்க்கிற தக்காளிக்குக் கோடையில் நாளைக்கு ஒரு லிட்டருக்குக் குறையாது. இருபது பை, பத்து நாள் என்றால் 200 லிட்டர். தட்டில் ஊற்றி வைக்கும் அரை லிட்டர் எந்த மூலைக்கு? அது ஒரு நாளைக்கே காணாது. மழைக்காலத்தில் வற்றாமல் நின்றால் வேர் அழுகும், கொசுவுக்கும் வசதி. ஆகத் தட்டு இரண்டு வகையிலும் தோல்விதான்.

தேவையைக் குறைப்பதுதான் முதல் வேலை. பைகளை நகர்த்தி, கைப்பிடிச் சுவரின் நிழலிலோ தண்ணீர்த் தொட்டியின் நிழலிலோ நெருக்கி வையுங்கள். ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழும், பையின் ஓரச்சூடு குறையும். மண்ணின் மேல் காய்ந்த சருகோ தேங்காய் மட்டை நாரோ இரண்டு அங்குலம் பரப்புங்கள். முற்றிய காயைப் பறித்துவிடுங்கள். கிளம்பும் வாரத்தில் உரம் போடாதீர்கள், போட்டால் தளதளவென்று துளிர்த்து இன்னும் அதிகமாகத் தண்ணீர் கேட்கும். கீரையைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம், அறுத்துச் சமைத்துவிட்டுப் போங்கள். வந்து விதைத்தால் மூன்று, நான்கு வாரத்தில் மறுபடி கீரை. கற்றாழைக்குப் பத்து நாள் ஒரு கணக்கே இல்லை.

பத்துப் பைக்குள் என்றால் திரி முறை நன்றாக வேலை செய்யும். இரண்டு பைக்கு மூடியுள்ள 20 லிட்டர் பெயின்ட் பக்கெட் ஒன்று, பைக்கு ஒன்றாக விரல் தடிமனுக்கு முறுக்கிய பழைய பருத்தி வேட்டித் துணி. நைலான் கயிறு வேண்டாம், அது தண்ணீரைச் சரியாக இழுக்காது. பக்கெட்டைச் செங்கல் மேல் ஏற்றி, தண்ணீர் மட்டம் பையின் மண்ணைவிட உயரமாக இருக்கும்படி வையுங்கள். திரியின் ஒரு முனை பக்கெட்டின் அடியைத் தொட வேண்டும், மறுமுனை வேருக்கு அருகில் மூன்று அங்குலம் புதைய வேண்டும். திரியை முதலில் முழுக்க நனைத்துவிட்டுப் பொருத்துங்கள், காய்ந்த திரியில் இழுவை தொடங்காமலே போகலாம். நடுவில் வெயில் படும் பகுதியைப் பழைய ஹோஸ் துண்டுக்குள் விட்டால் வழியில் ஆவியாகாது. மூடியில் திரி நுழைகிற அளவுக்கே ஓட்டை போட்டு, மீதி இடுக்கைத் துணியால் அடைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் பக்கெட்டைத் திறந்து வைத்தால் தட்டைவிடப் பெரிய கொசுப்பண்ணை தயார். கிளம்பும் நாளில் செய்யாமல் மூன்று நாள் முன்பே பொருத்தி, ஒரு நாளைக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பக்கெட்டில் கோடு போட்டுப் பாருங்கள்.

மண்பானையைப் பையில் புதைத்து நீர் நிரப்புவதும் அருமையான முறை, பூச்சு இல்லாத பானையாக இருந்தால். வாயை மட்டும் மண் மூடியால் இறுக்கமாக மூட வேண்டும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகக் குத்தி வைப்பதால் கொசுப்பயம் இல்லை, செடிக்கும் பெரிய பலன் இல்லை. ஓட்டை பெரிதானால் ஒரே இரவில் காலியாகும், சிறிதானால் மண் அடைத்துக்கொள்ளும்.

இருபது பைக்கு மேல் இருந்தால் சொட்டுநீர் அமைப்பும் குழாயில் மாட்டும் டைமரும் வாங்கிவிடலாம். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மேல்நிலைத் தொட்டிக்கும் பைக்கும் உயர வித்தியாசம் இரண்டு மீட்டர் என்றால் கிடைக்கும் அழுத்தம் 0.2 பார்தான். மின்காந்தத்தால் திறக்கும் சொலினாய்ட் வால்வு டைமர்களில் பல 0.5 பாருக்குக் குறைந்தால் திறக்கவே திறக்காது. பந்து வால்வில் இயங்கும், குறைந்த அழுத்தத்துக்கென்றே விற்கும் டைமரைக் கேட்டு வாங்க வேண்டும். தண்ணீர் சொட்டும் முனையான சொட்டுவானும் அப்படித்தான். 'மணிக்கு 2 லிட்டர்' என்று அச்சிட்டிருப்பது 1 பார் அழுத்தத்துக்கு, உங்கள் மாடியில் ஒரு லிட்டர்கூட வராது. ஒரு டம்ளரை அடியில் வைத்து அரைமணி நேரம் பிடித்துப் பார்த்து, அதன்படி நேரத்தை வையுங்கள். ஃபில்டர் போடாவிட்டால் தொட்டிப் பாசி மூன்றாம் நாளே சொட்டுவானை அடைக்கும்.

எந்த முறை ஆனாலும் தட்டுகளை எடுத்து, தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்குத் தரை கறையாகும் என்று தட்டு கட்டாயம் என்றால், தட்டின் விளிம்பு வரை ஆற்றுமணல் நிரப்புங்கள். வடிகிற நீர் மணலுக்குள் இறங்கிவிடும், கொசுவுக்கு நீர்ப்பரப்பு கிடைக்காது.

கண்ணாடிக் குப்பியில் நிற்கும் மணி பிளாண்ட்டை மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். 'லக்கி பாம்பூ' வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஏடிஸ் இனத்தின் இன்னொரு கொசுவான அல்போபிக்டஸ் 2001இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்தது தண்ணீரில் நிற்க வைத்துக் கப்பலில் ஏற்றிய இந்தச் செடியோடுதான். அல்லிப்பூத் தொட்டியைக் கவிழ்க்க முடியாது. அதில் நான்கைந்து கப்பி மீன் விட்டால் போதும், பத்து நாள் தீனி போட ஆளில்லாவிட்டாலும் புழுவையும் பாசியையும் தின்று சமாளித்துக்கொள்ளும். பெருகிய மீனை ஏரி குளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள், அங்கே அது நாட்டு மீன் குஞ்சுகளுக்கு எமன். பிடிஐ என்ற பாக்டீரியா மருந்தும் கடையில் கிடைக்கிறது. புழு அதைத் தின்றால்தான் சாகும். கூட்டுப்புழு எதையும் தின்னாது என்பதால், காற்புள்ளி போலச் சுருண்டு நீந்துவது கண்ணில் பட்ட பிறகு ஊற்றி லாபமில்லை.

காக்கை குருவிக்கு வைக்கும் தண்ணீரைத் தினம் மாற்ற ஆளிருந்தால் வையுங்கள், இல்லையென்றால் கவிழ்த்துவிடுங்கள். புண்ணியத்துக்கு வைத்தது அக்கம்பக்கத்துக்குக் காய்ச்சலாகக் கூடாது. கைப்பிடிச் சுவரோர மழைநீர்த் துளையில் சருகு அடைத்திருக்கிறதா, சன்ஷேடு மேல் தண்ணீர் தேங்குமா என்று ஒரு பார்வை. மேல்நிலைத் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டுங்கள், மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டெஃபன்சி விரும்பும் இடம் அந்தத் தொட்டி. வீட்டுக்குள்ளே ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, ஏசித் தண்ணீர் பிடிக்கும் பக்கெட், கழிப்பறைக் கோப்பை, குளியலறைத் தரைத் துளை. கோப்பையை மூடியால் மூடி, தரைத்துளை மேல் ஒரு பாலித்தீன் போட்டு, செங்கல் ஏற்றிவிடலாம்.

தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் 1939லிருந்தே கொசு வளர இடம் கொடுக்கும் வீட்டாருக்கு நோட்டீஸ் விட உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வரும்போது வீடு பூட்டியிருந்தால் கேட்டோடு திரும்ப வேண்டியதுதான், மாடிக்கு ஏற முடியாது. சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுக்கும்போது "செடிக்குத் தண்ணி ஊத்துங்க" என்பதோடு, "அவங்க வந்தா மாடியைத் திறந்து காட்டுங்கக்கா" என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.

திரும்பி வந்ததும் பெட்டியை இறக்கும் முன் ஜன்னல்களைத் திறந்து மின்விசிறியைப் போடுங்கள். கொசு கட்டிலுக்கு அடியிலும் திரைக்குப் பின்னாலும் ஆணியில் தொங்கும் சட்டையிலும் ஒண்டியிருக்கும். கடிப்பது பகலில், அதிலும் காலையிலும் சாயங்காலமும் அதிகம். பிறகு டார்ச்சோடு மாடிக்கு. நிழல் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடினால் அது கொசுப்புழு. அசையாமல் பார்த்தால் சற்று நேரத்தில் மேலே வந்து தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல், வெயில் காயும் தரையில் பரவலாகக் கொட்டுங்கள். நிமிடங்களில் காய்ந்து சாகும்.

வந்த இரண்டு வாரத்துக்குள் யாருக்காவது கடுங்காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு முறிகிற வலி என்றால் பாராசிட்டமால் மட்டும் கொடுத்து டாக்டரிடம் போங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். முதல் ஐந்து நாளில் ரத்தத்தில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை பயன்படும், அதன் பிறகு உடலின் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம். அந்த ஐந்து நாளும் நோயாளி பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வேண்டும், அவரைக் கடிக்கும் கொசுதான் அடுத்தவருக்குக் கொண்டுபோகும். கஞ்சி, மோர், இளநீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சிறுநீர் போகிறதா என்று கவனியுங்கள்.

காய்ச்சல் விட்டதும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். டெங்குவில் ஆபத்தே அந்த ஓரிரண்டு நாள்தான். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கைகால் சில்லிடுதல், அசாதாரணச் சோர்வு, இதில் ஒன்று தெரிந்தாலும் இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். எல்லோரும் தட்டணு எண்ணிக்கையையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது அதே ரிப்போர்ட்டில் பிசிவி என்று போட்டிருக்கும் வரி, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்பது. நேற்றைய எண்ணைவிட அது ஏறியிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.