ரெப்ளிகா: யார் கை வரைந்த படி?

ரெப்ளிகா இத்தாலியச் சொல். அதன் வேர் இலத்தீனின் 'ரெப்ளிகாரே'. மடித்துத் திருப்புதல் என்பது முதற்பொருள். திரும்பச் செய்தல், மறுமொழி சொல்லுதல் என்று பிறகு விரிந்தது. இத்தாலியில் ஒரு நாடகத்தை மறுபடி மேடையேற்றினாலும் அது ரெப்ளிகாதான். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கலை எழுத்துக்குள் வந்தபோது இச்சொல்லுக்குக் கறாரான பொருள் இருந்தது: ஓர் ஓவியத்தை வரைந்தவரே அதைத் திரும்பவும் வரைந்தால், அந்த இரண்டாவது ஓவியம் ரெப்ளிகா. வேறு கை வரைந்தது ரெப்ளிகா ஆகாது. இன்றோ கைக்கடிகாரம் முதல் கோப்பை வரை, அசலைப் போல் இருக்கும் எதற்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறோம். பரோக் (17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலைப்பாணி) ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது இந்தத் தளர்வு பெரிய குழப்பத்தில் கொண்டுபோய் விடும்.

இத்தாலிய ஓவியர் கீடோ ரேனி வரைந்த 'அத்தலாந்தாவும் ஹிப்போமெனிஸும்' நல்ல எடுத்துக்காட்டு. கிரேக்கப் புராணக் கதையில், ஓட்டப் பந்தயத்தில் ஹிப்போமெனிஸ் போட்ட பொன் ஆப்பிளை எடுக்க அத்தலாந்தா குனியும் கணம் அது. 1618–19 வாக்கில் வரைந்தது மாட்ரிடின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1620–25 காலத்தது நேப்பிள்ஸின் கபோதிமோந்தே அருங்காட்சியகத்தில். இரண்டிலும் ரேனியின் கையையே அறிஞர்கள் காண்கிறார்கள். இது ரெப்ளிகா. வெனிஸ் ஓவியர் டிஷியன் 1559–62இல் வரைந்த 'யூரோப்பா'வை, 1628–29இல் மாட்ரிட் வந்த பிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் பார்த்து வரைந்தார். அசல் இன்று பாஸ்டனில், ரூபன்ஸ் வரைந்தது பிராடோவில். அதை வரைந்தவரும் மாமேதைதான். ஆனாலும் அது ரெப்ளிகா அல்ல, பிறர் பார்த்து எடுத்த படி.

இடையில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: மாணவர் வரைய, ஆசிரியர் மேற்பார்த்துத் திருத்தியது. 1618 ஏப்ரலில் ரூபன்ஸ் ஆங்கிலத் தூதர் டட்லி கார்ல்டனுக்கு அனுப்பிய விலைப்பட்டியலில், ஒவ்வோர் ஓவியத்திலும் யார் கை பட்டது என்பதை எழுதியிருக்கிறார். கட்டுண்ட பிரோமித்தியஸ் தம் கைப்பட வரைந்த அசல், கழுகு மட்டும் ஸ்னைடர்ஸ் என்ற வேறோர் ஓவியர் வரைந்தது, 500 கில்டர். பெண் வேடத்தில் ஆக்கிலிஸ் தம் மாணவர்களில் சிறந்தவர் வரைந்து தாம் முழுக்கத் திருத்தியது, 600 கில்டர். வாங்குபவருக்கு இந்தத் தகவல் தேவை என்று அன்றே அவர் அறிந்திருந்தார்.

தமிழில் என்ன சொல்வது? 'மாதிரி' என்று செய்திகளில் எழுதுகிறார்கள். மாதிரி என்பது செய்வதற்கு முன் இருப்பது, இங்கே பொருந்தாது. 'நகல்' அரபு வழி வந்த சொல், அதன் இணையான 'அசல்' போலவே. வழக்கில் ஊறிவிட்டதால் குறையில்லை. ஆனால் இன்று நகல் என்றால் நகலெடுக்கும் கடைதான் நினைவுக்கு வருகிறது. ஏடுகளைப் பார்த்து எழுதுவதை நம்மவர்கள் 'படியெடுத்தல்' என்றார்கள். கையால், கண்ணால் பார்த்து, ஒவ்வொன்றாகச் செய்யும் வேலை. ஓவியத்துக்கும் அதுவே ஏற்ற சொல். படைத்தவரே எடுத்தால் தற்படி (தற்பெருமையில் வரும் அதே புணர்ச்சி). அவர் மேற்பார்வையில் மாணவர் எடுத்தால் பட்டறைப்படி. பிறர் பார்த்து வரைந்தால் கைப்படி. இயந்திரம் அடித்துத் தந்தால் அச்சுப்படி. ஏமாற்றும் நோக்கில் செய்தது மட்டுமே போலி. ஆகவே ரெப்ளிகாவுக்குத் தற்படி என்பதே சரியான தமிழ். இன்று சந்தையில் 'ரெப்ளிகா' என்று விற்கும் பரோக் ஓவியங்கள், கையால் வரைந்தவையாக இருந்தால், கைப்படிகள்.

கைப்படி என்றால் எவ்வளவு வேலை என்பதும் சொல்லின் பொருளில் சேர்த்திதான். பிராடோவில் உள்ள ரேனியின் ஓவியம் இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலம். நீள அகலங்களை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கேன்வாஸில் 10 செ.மீ. கட்டம் போட்டால் ஒவ்வொன்றும் அசலில் 30 செ.மீ. கட்டம் கட்டமாக முடித்துக்கொண்டே போகக் கூடாது. எதிரெதிராகச் சாயும் இரண்டு உடல்களின் மூலைக்கோடுகளை முதலில் இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கை கால் சரியாக வந்தும் ஓட்டம் நின்றுவிடும்.

வெள்ளைக் கேன்வாஸில் நேராகத் தொடங்குவது அடுத்த தவறு. டர்பன்டைனில் கரைத்த அம்பர் (umber) என்ற மண்நிறப் பழுப்பை முதலில் பூசிக் காயவிட வேண்டும். நிழல்களில் அந்தப் பழுப்பு தெரியும்படி மெலிதாகவும், ஒளி விழும் இடத்தில் தடிப்பாகவும் பூசுவது பரோக் முறை. நிழலைக் கறுப்பால் நிரப்பினால் ஆழம் போய்விடும். ரேனி காலத்தில் ஈய வெள்ளை. இப்போது நஞ்சு கருதி டைட்டானியம் வெள்ளை. இது குளிர்ந்த நிறம், மூடும் வலிமையும் மிகுதி. அதே அளவு கலந்தால் உடல் சுண்ணாம்பு அடித்தது போலாகும். குறைத்துப் போட்டு, துளி மஞ்சள் ஓக்கர் சேர்க்க வேண்டும்.

கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறினால் மேலடுக்கு முந்திக் காய்ந்து, அடியில் உள்ளது மெல்லக் காயும்போது வெடிக்கும். இறுதி வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். பழைய வார்னிஷ் மஞ்சளித்த புகைப்படத்தைப் பார்த்து வரைபவர்கள் ரேனியின் நிறத்தை விட்டு அழுக்கைப் படியெடுக்கிறார்கள். துப்புரவுக்குப் பின் எடுத்த படத்தைத் தேடிப் பிடிப்பது அவசியம்.

அச்சுப்படியின் மேல் கண்ணாடி போன்ற பசையைத் தூரிகையால் தடவி, 'கையால் வரைந்தது' என்று விற்பதும் நடக்கிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் நுண்புள்ளிகள் தெரியும். பசையின் கோடுகள் தோளின் வளைவையோ துணியின் மடிப்பையோ பின்பற்றாமல் தன் போக்கில் ஓடும்.

நேர்மையான கைப்படியின் பின்புறத்தில் 'ரேனியைப் பார்த்து வரைந்தது' என்ற குறிப்பும் வரைந்தவர் பெயரும் ஆண்டும் இருக்க வேண்டும். லூவர் அருங்காட்சியகத்தில் படியெடுக்க அனுமதி பெறுபவர்கள் அசலின் அளவிலேயே வரையக் கூடாது, ஐந்தில் ஒரு பங்காவது கூட்டவோ குறைக்கவோ வேண்டும். அசல் ஓவியரின் கையொப்பத்தையும் போடக் கூடாது.