ஏழு அங்குலத் தட்டில் ஆறு நிமிடப் பாட்டு

ஒரு ரெக்கார்டைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய இசை பதிந்த இடம் வழவழவென்று கறுப்பாக இருக்கும். சத்தமான இடம் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். பாட்டு எங்கே அடங்கி எங்கே பொங்குகிறது என்பதைக் கண்ணாலேயே ஓரளவு படித்துவிடலாம். நான் இப்படி அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்த தட்டு, பிரிட்டிஷ் ராக் குழுவான குவீனின் ‘போஹீமியன் ராப்சடி’. 1975 அக்டோபர் 31 அன்று இங்கிலாந்தில் இஎம்ஐ நிறுவனம் வெளியிட்ட ஏழு அங்குல சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டு அது.

பாட்டின் நீளம் 5 நிமிடம் 55 விநாடி. அப்போது சிங்கிள் என்றால் மூன்று நிமிடம், மிஞ்சினால் நான்கு. இவ்வளவு நீளமானதை வானொலியில் யார் போடுவார்கள் என்று கம்பெனியில் தயங்கினார்கள். ஆனால் லண்டன் கேப்பிட்டல் ரேடியோவின் அறிவிப்பாளர் கென்னி எவரெட் இரண்டே நாளில் 14 முறை போட்டார். நவம்பர் கடைசியில் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்த பாட்டு, ஒன்பது வாரம் அங்கிருந்து இறங்கவில்லை. இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி வேறு. மூன்று நிமிடப் பாட்டுக்கென்று பழகிப்போன தட்டில் ஆறு நிமிடம் எப்படி அடங்கியது?

மூன்று நிமிடம் என்ற வழக்கமே பழைய அரக்குத் தட்டு விட்டுச் சென்றதுதான். நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற அந்தப் பத்து அங்குலத் தட்டுகளில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடமே கிடைத்தது. நம் நாடகப் பாட்டுகளும் அந்த அளவுக்குச் சுருங்கித்தான் தட்டில் ஏறின. அரக்கோடு கல்தூளும் கலந்திருந்ததால் ஒலியைப் பதிக்கும் பள்ளம் மிக நுண்ணியதாக இருந்தால் அதில் நிற்காது. வினைல் என்ற பிளாஸ்டிக் வந்ததும் நிலைமை மாறியது. 1949இல் ஆர்சிஏ விக்டர் கொண்டுவந்த ஏழு அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 45 சுற்றுதான் சுழன்றது. பள்ளமும் இன்னும் நுண்மையானது.

அந்தப் பள்ளத்தை ஏர் ஓட்டிய சால் என்றே நினைத்துக்கொள்ளலாம். தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு சால். வெளி விளிம்பில் தொடங்கி, சுருண்டு சுருண்டு உள்ளே போகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 45 சுற்று என்றால் 5 நிமிடம் 55 விநாடிக்குச் சுமார் 266 சுற்று. ஏழு அங்குலத் தட்டில் லேபிளுக்கும் விளிம்புக்கும் இடையே பாட்டுக்குக் கிடைக்கும் அகலம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். வகுத்தால் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 0.11 மில்லிமீட்டர், அதாவது ஒரு தாளின் கனம். மூன்று நிமிடப் பாட்டுக்கு இதைப்போல் இரண்டு மடங்கு இடம் தாராளமாகக் கிடைத்திருக்கும். அந்தப் பள்ளத்தை அப்படியே பிரித்து நீட்டினால் 115 மீட்டர் வரும்.

இதில் சிக்கல் என்னவென்றால், சால் நேராக ஓடுவதில்லை. ஒலியின் அதிர்வுக்கு ஏற்ப வளைந்து வளைந்து ஓடுகிறது. சத்தம் கூடினால் வளைவு அகலும். அடிநாதம், அதாவது பேஸ், இன்னும் மோசம்: அதை உள்ளபடியே வெட்டினால் சால் பக்கத்துச் சுற்றை இடித்துவிடும். ஆகவே வெட்டும்போதே பேஸைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டி வெட்டுகிறார்கள். கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. இந்த அளவுகளை எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் துறைச் சங்கத்தின் ஆர்ஐஏஏ தரம் வந்தது. கீச்சொலியைக் குறைத்துக் கேட்பதால் தட்டின் இரைச்சலும் சேர்ந்து அடங்கியது கூடுதல் லாபம்.

இடத்தை மிச்சப்படுத்த இன்னொரு வழியும் உண்டு, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சாலை வெட்டும் கடைசல் இயந்திரத்துக்கு ஒலியைத் தரும் டேப் இயந்திரத்தில், டேப்பைப் படிக்க இரண்டு தலைகள் இருக்கும். முதல் தலை, வரப்போகும் ஒலியைக் கொஞ்சம் முன்கூட்டியே கேட்டுவிடும். அமைதியான பகுதி வருகிறது என்றால் சாலின் சுற்றுகள் நெருங்கிவிடும்; சத்தம் வருகிறது என்றால் விலகி வழிவிடும். தொடக்கத்தில் துணைக்கருவி இல்லாத குரல்கள், பியானோவோடு பாலட் என்னும் மெல்லிய மெதுவான பாட்டு, நடுவே ஓபரா என்னும் மேற்கத்திய இசைநாடகப் பாணி, நான்கு நிமிடத்துக்கு மேல்தான் முழு ராக் என்று போகிற ஒரு பாட்டுக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு கைகொடுக்கும்! அமைதியில் மிச்சம் பிடித்த இடத்தை ஆரவாரத்தில் செலவழிக்கலாம்.

ஓபராப் பகுதியில் குரல்கள் இடமும் வலமுமாக வருகின்றனவே, அதற்கும் அதே சால்தான். ‘வி’ வடிவத்தில் இருக்கும் அதன் ஒரு சுவர் இடது ஒலியைச் சுமக்கிறது, மற்றொன்று வலது ஒலியை. இந்த யோசனைக்கு 1931இல் காப்புரிமை கேட்டவர் ஆலன் ப்ளம்லைன். அவர் வேலை பார்த்தது இதே இஎம்ஐயில்.

இனி பாட்டின் முடிவு. தட்டு சுழலும் வேகம் மாறாது. ஆனால் உள்ளே போகப் போக வட்டம் சிறுக்கிறது. விளிம்பில் முள்ளுக்கு அடியில் விநாடிக்கு 40 சென்டிமீட்டர் சால் ஓடினால், லேபிள் பக்கத்தில் 25தான் ஓடும். 10,000 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 10,000 முறை அதிரும் ஒலியின் ஓர் அலை அங்கே 0.025 மில்லிமீட்டருக்குள் நசுங்கி நிற்கும். சாதாரண முள்ளின் நுனியும் கிட்டத்தட்ட அந்த அளவே. அந்த மடிப்புகளுக்குள் அது சரியாக இறங்காது, ஒலி கரகரக்கும். அதனால்தான் ஆரவாரமாக முடியும் பாட்டுகள் தட்டின் கடைசியில் அடி வாங்கும். இந்தப் பாட்டோ 4 நிமிடம் 54 விநாடியில் ராக் ஓய்ந்து, கடைசி ஒரு நிமிடம் தணிந்துகொண்டே போகிறது. தட்டை மனதில் வைத்து இப்படி அமைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சால் பலவீனமாகும் இடத்தில் பாட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது.

அதற்கும் ஒரு விலை இருக்கிறது. இசை தணிந்தால் தூசியின் படபடப்பு மேலே வரும். ஆகையால் தட்டைத் துடைத்து, முள்ளையும் துடைத்துவிட்டுக் கேளுங்கள். பியானோ ஓய்ந்ததும், நம் கோயில் சேகண்டியைத் தூரத்தில் தட்டியதுபோல் ஒரே ஒரு காங் ஒலி கேட்கும். அது அடங்கியதும் முள் கடைசி வட்டத்துக்குள் போய், கையால் எடுக்கும்வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.