'தூங்கட்டும் விடு, காலைல சரியாயிடுவான்'

ஞாயிறு அதிகாலை நாலே முக்கால். அவசர சிகிச்சைப் பிரிவில் என் டியூட்டி முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ஈசிஆர் பக்கமிருந்து ஒரு வாடகைக் காரில் நான்கு பையன்கள் ஐந்தாவது ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "ஃபுட் பாய்சன் டாக்டர், நைட்டு பிரியாணி சாப்பிட்டான்" என்றான் ஒருவன். படுத்திருந்தவனின் தாடை பூட்டுப் போட்டது போல இறுகிக் கிடந்தது. கருவிழிப் பாவை விரிந்திருந்தது. நெற்றியில் வைத்த கை சுட்டது. உடல் வெப்பம் 41.6 டிகிரி செல்சியஸ், அதாவது 107 ஃபாரன்ஹீட்டுக்குப் பக்கம். பிரியாணி அந்த வேலையைச் செய்யாது.

நான்கு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மூன்றாவதாக வந்த கண்ணாடிக்காரப் பையன்தான் வாயைத் திறந்தான். "எம்டி சார். ரெண்டு மாத்திரை போட்டான். பன்னிரண்டரைக்கே ஒரு மாதிரி ஆயிட்டான். தூங்கட்டும் விடு, காலைல சரியாயிடுவான்னு ஏசி ரூம்ல படுக்க வச்சோம்."

பன்னிரண்டரையிலிருந்து நாலே முக்கால். இடையிலுள்ள அந்த நாலேகால் மணி நேரத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அந்தப் போதை மாத்திரையைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். (இங்கே வரும் நோயாளிகளின் வயது, ஊர், சூழ்நிலை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.)

'கிளப் டிரக்ஸ்' என்ற பெயரே இப்போது ஏமாற்றுகிறது. எம்டிஎம்ஏ, கேட்டமைன், எல்எஸ்டி, ஜிஎச்பி, மெத்தம்பேட்டமைன் ஆகியவை இரவு விடுதிகளில் புழங்கியதால் வந்த பெயர் அது. 'எம் பொண்ணு கிளப்புக்கெல்லாம் போக மாட்டா' என்று பெற்றோர் நிம்மதியாக இருக்க அந்தப் பெயரும் ஒரு காரணம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கிளப் வாசலை மிதித்ததில்லை. நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை ஃபிளாட், கடலோரப் பண்ணை வீடு, செமஸ்டர் முடிந்த இரவின் ஹாஸ்டல் மொட்டை மாடி, இவைதான் இடங்கள். பெயரும் வேறு. எம்டிஎம்ஏவை எம்டி என்பார்கள், மெத்தம்பேட்டமைனை மெத் அல்லது ஐஸ் என்பார்கள், எல்எஸ்டி தடவிய காகிதத் துண்டுக்கு ஸ்டாம்ப்.

எம்டிஎம்ஏ 1912-ல் ஜெர்மனியின் மெர்க் நிறுவன ஆய்வகத்தில் பிறந்தது. இரத்தக் கசிவை நிறுத்தும் மருந்து ஒன்றைத் தேடியபோது வழியில் கிடைத்த இடைப்பொருள். பல பத்தாண்டுகள் யாரும் சீண்டவில்லை. 1980-களில்தான் நடன அரங்குகளுக்கு வந்தது. மனநிலையைச் சீராக வைக்க மூளை சிறுகச் சிறுகச் செலவழிக்க வேண்டிய செரட்டோனின் என்ற வேதிப்பொருளை ஒரே இரவில் வாரி இறைக்க வைக்கும். எல்லோர் மேலும் அன்பு பொங்கும், களைப்பே தெரியாது, ஆடிக்கொண்டே இருக்கலாம். இரண்டு மூன்று நாள் கழித்துக் கஜானா காலி. 'செவ்வாய்க்கிழமை வந்தா அழுகையா வருது டாக்டர்' என்று ஒரு பெண் சொன்னாள். சனி இரவின் கணக்கு அது.

உயிரை எடுப்பது பெரும்பாலும் சூடு. உடலின் வெப்பக் கட்டுப்பாட்டையே இந்த மருந்து குலைத்துவிடும். அதற்கு மேல் மணிக்கணக்கில் ஆட்டம், மூடிய அறை, கூட்டம். சென்னையைப் போன்ற கடலோர ஊரின் புழுக்கத்தில் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. 41 டிகிரியைத் தாண்டினால் தசைகள் சிதையத் தொடங்கும். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். அன்று வந்த பையனின் சிறுநீர் பால் விடாத டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. தசைச் சிதைவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான சிபிகேயில் 200 சொச்சத்துக்குள் இருக்க வேண்டிய அளவு 80 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. நண்பர்கள் வழியில் அவனுக்கு டோலோ கொடுத்திருந்தார்கள். பாராசிட்டமால் கிருமிக் காய்ச்சலைத் தணிக்கும். இந்தச் சூட்டின் மூலம் வேறு என்பதால் அது இங்கே ஒன்றும் செய்யாது. ஐஸ் தண்ணீர், ஃபேன், தசை இறுக்கத்தையும் பதற்றத்தையும் தளர்த்தும் ஊசி, தேவைப்பட்டால் முழு மயக்கம் கொடுத்து வென்டிலேட்டர். வைத்தியம் அதுதான். எத்தனை டிகிரி ஏறியது என்பதோடு எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் கிடந்தான் என்பதும் முடிவை மாற்றும்.

'சூடுதானே, தண்ணி குடிச்சா போச்சு' என்று இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அங்கே இன்னொரு பள்ளம். எம்டிஎம்ஏ, சிறுநீரைத் தேக்கிவைக்கும் ஹார்மோனையும் தூண்டிவிடுகிறது. குடித்த தண்ணீர் வெளியே போகாது. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், மூளை வீங்கும். 1995-ல் இங்கிலாந்தில் 18 வயதுப் பெண் ஒருத்தி தன் பிறந்தநாள் விருந்தில் ஒரே ஒரு மாத்திரை போட்டாள். ஒன்றரை மணி நேரத்துக்குள் சுமார் ஏழு லிட்டர் தண்ணீர் குடித்து மூளை வீங்கி இறந்தாள். எங்களிடம் வந்த கல்லூரி மாணவி ஒருத்திக்குச் சோடியம் 116. குறைந்தது 135 இருக்க வேண்டும். வலிப்போடு வந்தாள். தோழிகள் பாசத்தோடு பாட்டில் பாட்டிலாகப் புகட்டியிருந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்பது விற்கிறவனுக்கே தெரியாது. எம்டி என்ற பெயரில் பிஎம்ஏ என்ற வேறொரு பொருள் பல நாடுகளில் ஆட்களைக் கொன்றிருக்கிறது. அது மெதுவாகத்தான் ஏறும். 'ஒண்ணும் ஆகலையே மச்சான்' என்று இரண்டாவதைப் போடுவான். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும். உடம்பில் ஏற்கெனவே வேறு மருந்து இருந்தாலும் சிக்கல்தான். நம் ஊரில் நான் அதிகம் பயப்படுவது டிரமடாலுக்கு. அந்த வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு எம்டியும் எடுத்தால் செரட்டோனின் தலைக்கு மேல் போய், கை கால் விறைத்து, வலிப்பு வரும். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. அதற்காக அந்த மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

கேட்டமைனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நானே வாரத்துக்கு நாலு தடவை கையாளுகிறேன். 1962-ல் உருவான நல்ல மயக்க மருந்து. மூச்சை அவ்வளவாக அமுக்காது, விலை மலிவு. அரசு மருத்துவமனைகளில் இது இல்லாமல் வேலை நடக்காது. குழந்தையின் முறிந்த கையை நேராக்குவதற்கு முன் 'கேட்டமைன் போடப்போகிறோம்' என்றேன். செய்தித்தாள் படித்திருந்த ஓர் அம்மா பதறி எழுந்தார். பயப்பட வேண்டாம் அம்மா, மருத்துவர் கையிலிருந்து ஒரு வேளை போவதும், வாரக் கடைசி தவறாமல் மூக்கில் உறிஞ்சுவதும் ஒன்றல்ல.

உறிஞ்சுகிறவர்களுக்கு என்ன ஆகிறது? சிறுநீர்ப்பை சுருங்குகிறது. 2007-ல் கனடாவிலும் ஹாங்காங்கிலும் மருத்துவர்கள் முதன்முதலில் இதை எழுதினார்கள். கேட்டமைனும் அதன் கழிவுகளும் சிறுநீரில் தேங்கிப் பையின் உட்சுவரை அரிக்கின்றன. சுவர் தடித்து, தோல் போல இறுகி, 400 மில்லி கொள்ள வேண்டிய பை 50, 60 மில்லிக்கே நிரம்பிவிடும். 24 வயது ஐடி ஊழியன் ஒருவன் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் போனான். எரிச்சல், இரத்தம். மூன்று இடத்தில் யூரின் இன்ஃபெக்ஷன் என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை. நம் நாட்டில் சுருங்கிய சிறுநீர்ப்பை என்றால் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும். அந்த மாத்திரையும் தொடங்கப்பட்டிருந்தது. யாரும் கேட்காத கேள்வி ஒன்றுதான்: 'தம்பி, கே எடுக்குறியா?' நான் கேட்டதும் சிரித்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான். சீக்கிரம் நிறுத்தியவர்களுக்குப் பை ஓரளவு மீள்கிறது. தாமதமானால் குடலை வெட்டித் தைத்துப் பையைப் பெரிதாக்க வேண்டிவரும். இருபத்து நாலு வயதில்.

ஜிஎச்பியை நம் ஊரில் நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். நிறமில்லாத திரவம். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்தும். அடுத்தவர் கோப்பையில் யாருக்கும் தெரியாமல் கலக்கவும் ஆகும். தன் கிளாஸில் ஏதோ கலந்துவிட்டார்கள் என்று சந்தேகிக்கிற பெண், வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்கி எழுந்து வந்தால் சோதனையில் எதுவும் அகப்படாது. அரை நாளுக்குள் அது சிறுநீரிலிருந்து மறைந்துவிடும்.

மெத் கதை நீளம். அது எங்கள் பிரிவைவிட மனநலப் பிரிவின் கதை. இரண்டு மூன்று நாள் தூங்காமல் விழித்திருப்பவனுக்குத் தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது, எதிர்வீட்டுக்காரன் கேமரா வைத்திருக்கிறான், அம்மா சோற்றில் விஷம் வைக்கிறாள். குடும்பம் முதலில் ஓடுவது மந்திரிக்க. தர்காவையும் கோயிலையும் நான் குறை சொல்லவில்லை. ஆறுதல் அங்கே உண்மையாகவே கிடைக்கிறது. ஆனால் அந்த மூன்று வாரத்தில் அவன் இன்னும் எத்தனை தடவை புகைத்தான் என்பதை அங்கே யாரும் கேட்பதில்லை.

இனி அந்த நாலேகால் மணி நேரத்துக்கு வருகிறேன். ஏன் தூக்கிவரவில்லை என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: போலீஸ். பயம் பொய்யில்லை. போதைப் பொருளோ விஷமோ என்றால் மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேட்டில் பதிவு) போடுவோம், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். மறைக்க முடியாது, மறைக்கப் போவதாக நான் வாக்குக் கொடுப்பதும் இல்லை. ஆனால் பையன்கள் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்படுவதில்லை. 1985-ம் வருட என்டிபிஎஸ் எனும் போதைப்பொருள் சட்டத்தில் உட்கொண்டதற்கான தண்டனை, பொருளைப் பொறுத்து அதிகபட்சம் ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறவும் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது.

சட்டம் பாய்வது வேறிடத்தில். 'நீ வாங்கிட்டு வா மச்சான், ஜிபே பண்றேன்' என்று ஐந்து பேருக்குச் சேர்த்து வாங்கி வருகிறானே, அவன் மேல். எம்டிஎம்ஏவில் 10 கிராம் இருந்தாலே வணிக அளவு. தண்டனை குறைந்தபட்சம் பத்து வருடம், ஜாமீனும் எளிதில் கிடைக்காது. எல்எஸ்டியில் அந்த அளவு வெறும் 0.1 கிராம். காகிதத்தையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது. அப்படிப் பார்த்தால் பத்துப் பதினைந்து ஸ்டாம்ப் அந்தக் கோட்டைத் தொட்டுவிடலாம். பர்ஸில் மடித்து வைக்கிற காகிதம். வாங்கி வரும்போது வராத பயம், நண்பன் விழுந்தபின் வருகிறது.

விழுந்தவனை என்ன செய்வது? மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி நுரையீரலுக்குள் போய் இறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உடம்பு கொதித்தால் சட்டையைக் கழற்றி, நனைத்துத் துடைத்து, ஃபேனுக்கடியில் வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மோரோ எலுமிச்சையோ கூட. தாடை இறுக்கம், பிதற்றல், வலிப்பு, கூப்பிட்டால் முழிக்காமை, குறட்டை போல இழுக்கும் மூச்சு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108. போனில் 'ஆள் மயங்கிக் கிடக்கிறான்' என்று சொன்னால் போதும். கூட வருகிறவர் மிச்சமிருக்கும் மாத்திரையை மறைக்காமல் எங்களிடம் காட்டினால் அரை மணி நேரம் மிச்சம். 'பிரியாணி' என்ற பொய் அன்று எங்களுக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

பெற்றோருக்கு ஒன்று. ஆன்லைனில் சோதனைக் கிட் வாங்கிக் குளியலறை வாசலில் நிற்காதீர்கள். சாதாரணக் கிட்டுகள் பலவற்றில் கேட்டமைனோ எல்எஸ்டியோ தெரியவே தெரியாது. நெகட்டிவ் வந்தால் பிள்ளை உங்களை ஏமாற்றக் கற்றுக்கொண்டான், பாசிட்டிவ் வந்தால் வீடு போலீஸ் ஸ்டேஷன் ஆனது. பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனஸ் 14416, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. இரண்டுக்கும் காசில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்கான சிகிச்சை உண்டு.

பிரியாணிப் பையனுக்கு ஐந்து முறை டயாலிசிஸ் செய்தோம். பதினோரு நாள் ஐசியு. சிறுநீரகம் மெல்லத் திரும்பியது. அப்பா ஒரு வார்த்தை பேசாமல் பில் கவுன்டரில் நகைக்கடன் ரசீதோடு நின்றார். ஆறாவது நாள் கண்ணாடிக்காரப் பையன் மட்டும் ஐசியு வாசலுக்கு வந்தான். மற்ற மூவரையும் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

"பன்னிரண்டரைக்கே கூட்டிட்டு வந்திருந்தா இதெல்லாம் வேண்டாம்ல சார்?"

டயாலிசிஸ் தேவைப்பட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சுவரில் ஒட்டியிருந்த பார்வையாளர் நேரத்தைப் படித்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "அடுத்த தடவை 108-க்குப் போன் பண்ணா, கூடவே போலீஸும் வருமா சார்?"

'அடுத்த தடவை' என்ற சொல்லை நான் கவனித்ததை அவனும் கவனித்துவிட்டான். உட்காரச் சொன்னேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "நீ எத்தனை மாசமா?" என்று கேட்டேன்.